சரி சொல்லும் ஆள்

அவளிடம் அழுதுகொண்டு போனால் காரியம் நடக்காது. இதை என் கடைக்கு டீ குடிக்க வருகிற சமையல்கூடத்து ஆட்கள் அத்தனை பேருக்கும் நான் ஓசியிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். டீக்குத்தான் காசு, புத்திமதிக்கு இல்லை.

என் கடை ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்தின் பின்கதவுக்கு நேர் எதிரே இருக்கிறது. அந்தக் கதவு திறந்தால் முதலில் ஆவி வரும், பிறகு பாத்திரச் சத்தம் வரும், அதற்குப் பின்னால் முகத்தைத் துடைத்துக்கொண்டு யாராவது வருவார்கள். வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் பேச்சு மேனேஜரம்மாவைப் பற்றித்தான் இருக்கும். எனக்கு அங்கே சம்பளம் கிடையாது, அதனால் எனக்கு வாய் இருக்கிறது.

மேனேஜரம்மாவுக்கு அவர்கள் வைத்த பெயர் தராசு. உப்பை நிறுப்பாள், எண்ணெயை நிறுப்பாள் என்பதெல்லாம் இருக்கட்டும். வெட்டிப் போட்ட வெங்காயத் தோலையும் நிறுப்பாள். நேற்றைவிடத் தோல் கூடியிருந்தால் ஏன் என்று கேட்பாள். வெங்காயம் சின்னது மேடம் என்றால், ஏன் சின்னது வந்தது என்பாள். அதற்கும் ஒரு பதில் சொன்னால் அந்தப் பதிலுக்கும் ஒரு ஏன் வைத்திருப்பாள். கிணறு வெட்டுகிறவன் தண்ணீரைப் பார்க்காமல் மேலே ஏறாத மாதிரி, அடிக்காரணத்தைப் பார்க்காமல் அவள் விடமாட்டாள். ஆனால் திட்டமாட்டாள். எண்ணெய் சிந்தி ஒருவர் வழுக்கி விழுந்தபோது யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே போய்க் கடைசியில் எண்ணெய் டிரம்மை இடம் மாற்றி, அந்த மூலைக்கு ஒரு விளக்குப் போட்டாள். அதற்கப்புறம் அங்கே யாரும் விழவில்லை. இருந்தாலும் ஜனங்களுக்கு அவளைப் பிடிக்கவில்லை. திட்டிவிட்டால் மறுநாள் மறந்துபோகும். யோசிக்க வைத்துவிட்டால் வீட்டுக்குப் போயும் அரிக்கிறது.

ஒருநாள் பாத்திரம் கழுவுகிறவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

“என்னடி, வெங்காயம் உரிச்சியா?”

“நீ வேற ஏங்க்கா. மாமியார் வழுக்கி விழுந்துட்டாங்க, ஒரு வாரம் வீட்ல இருந்தே ஆகணும்னு கேக்கப் போனேன். சொல்றப்பவே அழுகை வந்துடுச்சு. அந்தம்மா ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் குடுத்துட்டு, ‘உங்க இடத்துல யாரு நிப்பாங்க?’ன்னு கேக்குது. கல்லு மனசு.”

“கல்லும் இல்ல, மண்ணும் இல்ல. நீ போன விதம் தப்பு. சாயங்கால ஷிப்டுக்காரிகிட்ட மொதல்ல பேசு. அவ எத்தனை நாள் பாப்பா, மிச்ச நாளைக்கு யாரு, எல்லாத்தையும் முடிச்சுட்டுப் போ. போய் அதைச் சொல்லு. மாமியாரைக் கடைசியா சொல்லு.”

“மாமியார் என்ன ஊறுகாயா, கடைசியா வெக்கறதுக்கு?”

“சொன்னதைச் செய்யி. நாலு பேர் முன்னாடி கேக்காத. தனியா இருக்கறப்ப கேளு. அப்புறம், ‘எனக்கு என்னவோ அப்படித் தோணுது’ன்னு மட்டும் வாயத் தொறந்துடாத. தோணறதுக்கு அவகிட்ட மதிப்பு இல்ல.”

மறுநாள் அவள் பல்லெல்லாம் தெரிய வந்தாள். லீவு கிடைத்துவிட்டது. அதோடு மேனேஜரம்மா எலும்பு டாக்டருக்குத் தானே போன் பண்ணி மாமியாருக்கு இடம் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். அவளுக்கு இரக்கம் இல்லை என்று சொல்கிறவர்கள் வாயில் வெந்நீரைத்தான் ஊற்ற வேண்டும். இரக்கம் இருந்தது, ஆனால் அதற்கு முன்னால் அவளுக்கு ஒரு காரணம் வேண்டும். முன்னைப் பின்னாக்கி நாம் கேட்டால் அவளுக்குப் புரியாது.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவள் என் வீட்டுக்கு மேல் வீட்டில்தான் குடியிருக்கிறாள். அவள் புருஷன்தான் அந்தச் சமையல்கூடத்தின் தலைமைச் சமையல்காரர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். சமையல்கூடத்துக்குள் அவளுக்கும் அவர் மாஸ்டர், அவருக்கு அவள் மேடம். வீட்டுப் படியில் ஒன்றாக இறங்கி வருவார்கள். ஆஸ்பத்திரிக் கேட் வந்ததும் அவள் முன்னால் போவாள், அவர் கொஞ்சம் நின்று என் கடையில் ஒரு டீ குடித்துவிட்டுப் பின்னால் போவார். அவளே வைத்த ஒழுங்குதான் இது. பிள்ளை குட்டி கிடையாது. ஒருவருக்கொருவர்தான்.

அவர்கள் கல்யாணம் ஆன கதையை மாஸ்டர் என் பெஞ்சில் உட்கார்ந்து எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். சொல்லும்போதெல்லாம் சிரிப்பார். ஒரு ஓட்டலில் அவர் அடுப்படியில் இருந்தார், அவள் அங்கே சாமான் கணக்குப் பார்க்க வந்தாள். ஒரு அண்டாவுக்கு எவ்வளவு உப்பு என்று கேட்டிருக்கிறாள். “போதுமான அளவு” என்றிருக்கிறார். அப்படி ஓர் அளவு கிடையாது என்று சொல்லி, அவர் உப்பை அள்ளின கையின் மணிக்கட்டைப் பிடித்து, தன்னுடைய சின்னத் தராசில் கவிழ்த்திருக்கிறாள். மறுநாளும் அப்படியே செய்தாள், அதற்கு மறுநாளும் செய்தாள். ஒவ்வொரு தடவையும் முள் ஒரே இடத்தில் வந்து நின்றது. “அளவு தெரியாத ஆளுன்னு நெனச்சேன், அளவே உங்க கையிலதான் இருக்கு” என்றாளாம். அதற்குமேல் என்ன வேண்டும், கல்யாணம் ஆகிவிட்டது. அந்தத் தராசு இன்னமும் அவர்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

சமையல்கூடத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு கருவி வைத்தவள், ஒன்றே ஒன்றுக்கு மட்டும் வைக்கவில்லை. சாப்பாடு வார்டுக்குப் போவதற்கு முன்னால் மாஸ்டர் ஒவ்வொரு அண்டாவாக மூடியைத் திறப்பார். குனிந்து ஆவியை இழுப்பார். எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி “சரி” என்பார். அவர் சரி என்று சொன்னால்தான் தள்ளுவண்டி நகரும். காலையில் குளிர் அறையிலிருந்து கறியும் மீனும் வெளியே வரும்போதும் இதே கதைதான். ஏன் மேடம் இதுக்கு மட்டும் மெஷின் இல்லை என்று யாரோ கேட்டதற்கு, “இதைவிட நல்ல மெஷின் எங்கயும் விக்கல” என்று சொன்னாளாம். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்ததை அவர்கள் என் கடையில் ஒரு மாசம் பேசினார்கள்.

மழைக்காலம் ஆரம்பிக்கிற சமயத்தில் மாஸ்டருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஊரில் பாதிப் பேருக்கு வந்த காய்ச்சல்தான். எழுந்து வேலைக்குப் போக ஆரம்பித்த வாரம், என் கடையில் பால் அடிப்பிடித்துவிட்டது. ஒரு பொம்பளையோடு வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருந்ததில் அடுப்பை மறந்துவிட்டேன். தெருக்கோடியில் போகிறவன் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறான். மாஸ்டர் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“ஏன் தம்பி, பக்கத்துலயே இருக்கீங்களே, ஒரு குரல் குடுக்கக் கூடாதா? மூக்கை வீட்ல வெச்சுட்டு வந்துட்டீங்களா?”

நான் விளையாட்டாகத்தான் கேட்டேன். அவர் பேப்பரை மடித்தார். பால் பாத்திரத்தைப் பார்த்தார், அதன் கறுப்பைப் பார்த்த பிறகுதான் அவருக்கு விஷயமே தெரிந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் நான் அடுப்பை அணைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன்.

“உப்பு தெரியுதுக்கா. புளிப்பு, கசப்பு எல்லாம் தெரியுது. வாசனைதான் செத்துப் போச்சு. காய்ச்சல் விட்ட அன்னையிலேர்ந்து ஒண்ணுமே வரல.”

“வீட்ல சொன்னீங்களா?”

“எப்படிச் சொல்றது?”

“வாயாலதான். புருஷன் பொண்டாட்டிக்குள்ள இதுல என்ன இருக்கு?”

“சொன்னா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். அவ அழமாட்டா. கோவப்படமாட்டா. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவா. வருமா வராதான்னு கேப்பா. வராதுன்னா, இந்த வேலைக்கு இனி யாருன்னு அன்னிக்கே யோசிக்க ஆரம்பிச்சுடுவா. நியாயம்தானே? நான் அவளா இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.”

“நியாயம்னு தெரியுதில்ல, அப்ப சொல்லிட வேண்டியதுதானே.”

“நியாயமா இருக்கறதாலதாங்க்கா சொல்ல முடியல” என்றார். “அநியாயம்னா சண்டை போடலாம்.”

ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிடும், யாரிடமும் சொல்லாதீர்கள் என்று என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். ஒரு வாரம் போனது, அடுத்த வாரமும் போனது, வாசனை திரும்பவில்லை.

இதற்கிடையில் அவரைக் கண்டுபிடித்துவிட்ட இன்னொருத்தி கத்தியக்கா. காய் வெட்டுகிறவள். கத்தி ஓடுகிற வேகத்துக்கு அந்தப் பெயர். அவளுக்கு மாஸ்டர் என்றால் சொந்தத் தம்பி மாதிரி. அவள் புருஷன் செத்தபோது அவர்தான் அலைந்து திரிந்து அவளை இந்த வேலையில் சேர்த்துவிட்டார். கெட்டுப்போன முட்டை ஒன்று உடைந்து அவர் காலடியில் கிடந்தும் அவர் அசையாமல் நின்றதை அவள் பார்த்துவிட்டாள். ஏன் எதற்கு என்று எதுவும் கேட்கவில்லை. அன்றைக்கு மதியமே தன் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து அண்டாக்களுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

“நீங்க மூடியைத் தொறங்க மாஸ்டர். குனிஞ்சு நில்லுங்க. நான் பலகையில ஒரு தட்டுத் தட்டினா சரி. ரெண்டு தட்டினா வேணாம்.”

அவ்வளவுதான் ஏற்பாடு. கத்தி பலகையில் படுகிற சத்தத்தை அங்கே யார் கவனிக்கப் போகிறார்கள். மாதக்கணக்கில் இப்படி ஓடியது. ஒருநாள் அவள் இரண்டு தட்டு தட்டினாள். மாஸ்டர், “பால் கெட்டிருக்கு, மாத்துங்க” என்றார். மற்றவர்கள் மோந்து மோந்து பார்த்தும் அவர்களுக்கு லேசாகத்தான் தெரிந்ததாம். மாஸ்டர் மூக்கு மூக்குதான் என்று எல்லோரும் மெச்சினார்கள். மேனேஜரம்மா மேலதிகாரிகள் கூட்டத்தில் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டாள். வீட்டுக்கு வந்து அதை அவரிடமும் சொன்னாள். அன்றைக்கு அவர் என் கடையில் டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் குடிக்காமலே இருந்தார்.

“முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறீங்க” என்றேன்.

“சோறு நிறைய இருக்குக்கா” என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

குளிர் ஆரம்பித்த சமயம். மேனேஜரம்மா ஒரு வாரம் முழுக்கக் கையில் கடிகாரத்தோடு சமையல்கூடத்தில் நின்றாள். யார் எங்கே நிற்கிறார்கள், எதற்காக நடக்கிறார்கள், எப்போது சும்மா இருக்கிறார்கள் என்று பார்த்தாள். அவள் கண்ணுக்கு எது படும்? கத்தியக்காதான் பட்டாள். தினமும் வண்டி கிளம்புகிற நேரத்தில், வெட்டுவதற்கு ஒன்றுமில்லாமல் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறாள். அதே நேரத்தில் பின்கட்டில் காய் கழுவ ஆள் இல்லை. மறுவாரம் முதல் நீங்கள் பின்கட்டுக்குப் போங்கள் என்றாள். இதில் அவள் பேரில் என்ன தப்பு இருக்கிறது? நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

கத்தியக்கா தனியாகப் போய்ப் பேசினாள். என் பாடம் அவளுக்கும் தெரியும்.

“மேடம், என்னை அங்கயே விட்ருங்க.”

“ஏன்?”

“பழகின எடம்.”

“பின்கட்டுல வெளிச்சம் அதிகம். உங்க கண்ணுக்கு நல்லதுதானே?”

“குளிருது மேடம் அங்க. தண்ணிலயே நிக்கணும்.”

“அதை நான் யோசிக்கல. ஹீட்டர் வைக்கச் சொல்றேன்.”

“இவ்வளவு தூரம் நடக்கணும்...”

“அந்தப் பக்கக் கதவைத் தொறந்து விடறேன். உங்களுக்கு இன்னும் கிட்டதான்.”

கத்தியக்கா கை பிசைந்துகொண்டு நின்றிருக்கிறாள். மேனேஜரம்மா அவளைப் பார்த்து, “வேற ஏதாவது இருக்கா? இருந்தா சொல்லுங்க. காரணம் சொன்னா நான் மாத்திடுவேன்” என்றாளாம். உண்மையிலேயே மாற்றியிருப்பாள். பொய்க் காரணம் ஒவ்வொன்றுக்கும் அவள் நிஜமான தீர்வு கொடுத்துக்கொண்டே வந்தாள், நிஜக் காரணத்தை மட்டும் யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை. மறுநாளே ஹீட்டரும் வந்து சேர்ந்தது, மறுவாரம் பலகையும் பின்கட்டுக்குப் போய்விட்டது.

“இதுக்கு மேலயும் மூடி வைக்காதீங்க” என்று மாஸ்டரிடம் நான் சத்தம் போட்டேன். “இன்னிக்கே சொல்லுங்க. நான் சொல்லித் தரேன் எப்படிச் சொல்றதுன்னு. வாசனை வரலன்னு ஆரம்பிக்காதீங்க. கத்தியக்காவுக்கு நல்ல மூக்கு, அவ முகரட்டும், நான் கைக்கு இருக்கேன்னு வழியை மொதல்ல சொல்லுங்க. அப்புறம் காரணத்தைச் சொல்லுங்க. சரின்னுடுவா.”

“சரின்னுடுவா” என்றார் அவர். “அதாங்க்கா பயமா இருக்கு. ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு சரின்னுடுவா. மூக்குக்கு ஒருத்தர், கைக்கு ஒருத்தர்னு என்னைப் பிரிச்சு வெச்சுடுவா. அடுத்த வேலையைப் பாக்கப் போயிடுவா. அவ என்னைக் கட்டிக்கிட்டதே என்கிட்ட எதுவும் பிசகாதுன்னுதான். பிசகினவன் அவளுக்கு யாரு, சொல்லுங்க?”

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதோடு பாவமாகவும் இருந்தது. கட்டின பெண்டாட்டியை இத்தனை வருஷமாகப் பார்த்தும் இந்த மனுஷனுக்கு அவள் மேனேஜராகவே தெரிகிறாளே என்று நினைத்தேன். இந்த வாரக் கடைசியில் சொல்லிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். வாரக் கடைசி வருவதற்கு முன்னால் புயல் வந்தது.

இரவெல்லாம் மழை. கரன்ட் போயிருக்கிறது, எப்போது போனது எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது. காலையில் மேனேஜரம்மா வழக்கம்போல் குளிர் அறையின் வெப்பமானி முள்ளைப் பார்த்தாள். அது நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. கோழிக்கறி வெளியே வந்தது. மாஸ்டர் குனிந்து பார்த்துச் “சரி” என்றார். அவர் கறியின் நிறத்தைப் பார்த்தார், தொட்டுப் பார்த்தார், கண்ணாலும் விரலாலும் தெரிந்துகொள்ளக்கூடியதை எல்லாம் தெரிந்துகொண்டார். மதியம் சூப் கொதித்து முடிந்தது. மூடியைத் திறந்தார். பழக்க தோஷத்தில் ஒரு விநாடி காத்திருந்ததாகக் குண்டண்ணன் சொன்னான். குண்டண்ணன் சூப் அண்டாவைக் கவனிக்கிற உதவிச் சமையல்காரன், விஷயம் எதுவும் அவனுக்குத் தெரியாது. மாஸ்டர் எதற்காகக் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். பலகைச் சத்தத்துக்காகக் காத்திருந்தார். பலகை பின்கட்டில், ஹீட்டருக்குப் பக்கத்தில் இருந்தது.

“சரி” என்றார். வண்டி நகர்ந்தது.

“எனக்கு மூடி தொறந்தப்பவே என்னவோ மாதிரி இருந்துச்சுக்கா” என்று குண்டண்ணன் பிற்பாடு என் பெஞ்சில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். “மிளகு வாசனையும் மீறி ஏதோ ஒண்ணு. ஆனா மாஸ்டரே சரின்னுட்டாரு. அவர் மூக்கை விட என் மூக்கு பெரிசா? மேடம்கிட்டப் போயி எனக்கு என்னவோ தோணுதுன்னா சொல்ல முடியும்? அப்படிச் சொல்லக் கூடாதுன்னு நீதானே சொல்லுவ?”

அவனுக்கு இன்னொரு டீ போட்டுக் கொடுத்தேன்.

சாயங்காலத்துக்குள் இரண்டு வார்டுகளில் வாந்தி. ஏற்கெனவே படுத்துக் கிடக்கிறவர்கள், அவர்கள் உடம்பு எதைத் தாங்கும்? நர்ஸுகள் ஓடினார்கள். மேனேஜரம்மா கட்டில் கட்டிலாகப் போய் நின்றாள். பெரும்பாலோர் தேறிவிட்டார்கள். பெண்கள் வார்டில் ஒரு கிழவி தேறவில்லை. இதயம் முன்பே பலவீனம், எப்படியும் ரொம்ப நாள் இருந்திருக்கமாட்டாள் என்று டாக்டர்கள் சொன்னார்கள். எப்படியும் என்றால் எப்படி? அவள் மகன் என் கடையில் வந்து உட்கார்ந்து, வாங்கின டீயைக் குடிக்காமலே ஆறவிட்டு எழுந்து போனான். அந்த டம்ளரைக் கழுவும்போது எனக்கு அழுகை வந்தது.

விசாரணையை மேனேஜரம்மா அடுப்படியிலேயே நடத்தினாள். எல்லோரையும் நிற்க வைத்து, குளிர் அறையிலிருந்து வண்டி வரைக்கும் ஒவ்வொரு படியாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். குண்டண்ணன் அப்படியே எனக்குச் சொன்னான். மாஸ்டர் முறை வந்தது.

“மூடியைத் தொறந்தீங்களா மாஸ்டர்?”

“தொறந்தேன் மேடம்.”

“முகர்ந்தீங்களா?”

“முகர்ந்தேன்.”

“என்ன வாசனை வந்துச்சு?”

அவள் கேள்வியைத் திரும்பக் கேட்டாள்.

“வரல மேடம்.”

“ஏன் வரல?”

“எனக்கு எந்த வாசனையும் வராது மேடம். அந்தக் காய்ச்சல்லேர்ந்து.”

கத்தியக்கா ஈரக் கையோடு பின்கட்டிலிருந்து வந்து, மடமடவென்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பலகை, ஒரு தட்டு, இரண்டு தட்டு, திரிந்துபோன பால், எல்லாம். மேனேஜரம்மா அவள் பேசி முடிக்கிறவரைக்கும் கேட்டாள். பிறகு புருஷனைப் பார்த்து, “ஏன் சொல்லல?” என்றாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தச் சமையல்கூடத்தில் அவளுடைய ஏன் ஒன்றுக்கு யாரும் பதில் சொல்லாமல் போனது அன்றைக்குத்தான்.

அன்று மாலை அவள் என் கடைக்கு வந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் என் பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பெஞ்சில் இருந்த ஆட்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். நான் டீ போட்டு வைத்தேன்.

“உங்களுக்கும் தெரியுமாக்கா?” என்றாள். அவள் என்னை அக்கா என்று கூப்பிட்டதும் அதுதான் முதல் தடவை.

“தெரியும்மா. என் கடையில பால் அடிப்பிடிச்சதே அவருக்குத் தெரியல, அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு.”

“கத்தியக்காவுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும். அடிப்பிடிச்ச பாலுக்குத் தெரியும்.” அவள் குரல் ஏறவில்லை. “ஒரே கட்டில்ல படுத்துக்கறேன். எனக்குத் தெரியல.”

“உன்கிட்ட சொல்ல அவருக்கு பயம்மா.”

“நான் என்ன பண்ணிடுவேன்னு பயம்?”

“ஒண்ணும் பண்ணமாட்ட. சரின்னு சொல்லி வேற ஏற்பாடு பண்ணிடுவன்னு பயம்.”

அவள் ரொம்ப நேரம் எதிர்க்கதவைப் பார்த்தாள். கண் கலங்கவில்லை. கலங்கியிருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

“என்கிட்ட எப்படிப் பேசணும்னு நீங்க எல்லாருக்கும் சொல்லிக் குடுப்பீங்களாமே. அழக் கூடாது, தோணுதுன்னு சொல்லக் கூடாது, வழியோட வரணும். எல்லாம் கேள்விப்பட்டேன். தப்பா ஒண்ணும் சொல்லல நீங்க. எனக்கு அதுதான் புரியும்.” டீயை எடுத்தவள் திரும்ப வைத்தாள். “எனக்கும் ஒண்ணு சொல்லிக் குடுங்க. இன்னிக்கு மேல போய் அவர்கிட்ட எப்படிப் பேசணும்?”

போய்ப் பக்கத்துல உக்காரு, எதுவும் கேக்காத என்று சொன்னேன். சரி என்றாள். மேலே போனாள். அன்றைக்கு மாடியிலிருந்து எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. அவள் உட்கார்ந்திருப்பாள். எதுவும் கேட்காமல் உட்காருவது எப்படி என்று அவளுக்குத் தெரிந்திருக்குமா, எனக்குத் தெரியாது.

விசாரணை அறிக்கையை அவளே எழுதினாள். மாஸ்டரை வேலையிலிருந்து எடுக்க வேண்டும் என்று எழுதினாள். தன்னிடம் ஓர் ஆள் உண்மையைச் சொல்ல முடியாத மாதிரி சமையல்கூடத்தை நடத்தின மேனேஜரையும் எடுக்க வேண்டும் என்று எழுதினாள். தண்ணீர் தெரிகிற வரைக்கும் தோண்டின பிறகு, அடிக்காரணம் அதுதான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மேலே இருக்கிறவர்கள் படித்தார்கள். இவ்வளவு தெளிவாக யாரும் எழுதினதில்லை என்று பாராட்டினார்கள். மாஸ்டரை எடுத்துவிட்டார்கள், அவளை வைத்துக்கொண்டார்கள். நல்லவர்கள் கையில் அதிகாரம் இருந்தால் என்ன, கெட்டவர்கள் கையில் இருந்தால் என்ன என்று அன்றைக்கு எனக்கு வெறுத்துப்போயிற்று.

இப்போது அங்கே இரண்டு பேர் முகர்ந்து, இரண்டு பேரும் சரி சொன்னால்தான் வண்டி நகர்கிறது. ஒருத்தி கத்தியக்கா. வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டும் விடவில்லை. “எனக்கு இப்ப எல்லாமே கெட்ட வாசனையா வருதுக்கா, நல்ல சோறுகூட” என்று வந்து சொல்கிறாள். மேனேஜரம்மா காலையில் தனியாகப் படியிறங்கிப் போகிறாள். கேட்டுக்கு எதிரே வந்ததும், பின்னால் வர ஆள் இல்லாத போதும், ஒரு கணம் நடையை வேகமாக்குகிறாள்.

மாஸ்டர் வீட்டில் இருக்கிறார். கடைக்கு வருவதில்லை. நாலு இடத்தில் வேலைக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. நான்தான் பிளாஸ்கில் டீ ஊற்றிக்கொண்டு மாடிக்குப் போவேன். போன லீவு நாளிலும் அப்படித்தான் போனேன். கதவு திறந்திருந்தது. இரண்டு பேரும் அடுப்படியில் நின்றார்கள். அவள் கேரட் வெட்டிக்கொண்டிருந்தாள், எல்லாத் துண்டும் ஒரே அளவில். அவர் அடுப்பில் காய்கறி சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். அவர் கரண்டியைப் பிடித்து எவ்வளவு நாளாயிற்று. எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். வாசலிலேயே நின்றுவிட்டேன்.

அவள் உப்பு டப்பாவைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் கையை உள்ளே விட்டார். அள்ளினார். அள்ளின கை பாத்திரத்துக்கு மேலே போகவில்லை. மற்றக் கையால் அலமாரியைத் திறந்து அந்தச் சின்னத் தராசை எடுத்து மேடைமேல் வைத்தார்.

“கையாலயே போடுங்க” என்றாள் அவள்.

“ஏன்?”

கேலியாகக் கேட்கவில்லை. கோபமாகவும் கேட்கவில்லை. அவளிடம் இத்தனை வருஷம் வேலை பார்த்த ஆள் கேட்கிற மாதிரி, காரணத்தைத் தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவர் கையையே பார்த்தாள். அவள் உதடு அசைந்தது. சொல்வதற்கு அவளிடம் ஒரு காரணமும் இல்லை.

அவர் உப்பைத் தட்டில் கொட்டிவிட்டு, முள் ஆடி நிற்கிறவரைக்கும் காத்திருந்தார். பிறகு தட்டிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து டப்பாவில் திரும்பப் போட்டார்.